தனியாக இருப்பவருக்கும் வீட்டுச் சாப்பாடு



சமையல் என்றதும் நமக்கெல்லாம் ஒரு பெரிய குடும்பந்தான் நினைவுக்கு வரும். விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, அடுப்பை மூட்டி, பெரட்டுக்குப் போகும் கணவனுக்குத் தூக்குச் சட்டியிலும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு டப்பாவிலும் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, தாமும் வாளியைத் தூக்கிக்கொண்டு பால்வெட்டுக்குப் போன தாய்மார்கள் வளர்த்த பிள்ளைகள் நாம். ஏழெட்டுப் பேருக்குச் சமைப்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஓர் ஆளுக்குச் சமைப்பது எப்படி? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுதான்.

இது என்ன பெரிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். நம் வீடுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மகன் கிள்ளானிலோ ஷா ஆலாமிலோ தொழிற்சாலை வேலையில் இருக்கிறான். மகள் கோலாலம்பூரில் படிக்கிறாள். அல்லது பிரிக்பீல்ட்சில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். தோட்டத்து வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறார். முன்பு ஒரே அடுப்பில் உண்ட குடும்பம் இன்று மூன்று இடத்தில் மூன்று ஒற்றை ஆளாக உண்கிறது. அந்த மூவரும் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி வேலை கிடைத்துப் பிரிக்பீல்ட்சுக்குப் போனாள். தகப்பனார் இல்லை. தாயார் தோட்டத்தில் தனியே இருந்தார். வேலைவிட்டு அறைக்குத் திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடும். அதற்குமேல் எங்கே சமைப்பது? ஒரு நாள் கடைச் சாப்பாடு, ஒரு நாள் மீ பாக்கெட், ஒரு நாள் ரொட்டி. மகள் இளைத்துப்போனதைக் கண்ட தாயாருக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு முழுக் கோழியைக் குழம்பு வைத்து, பெரிய ஐஸ்கிரீம் டப்பாவில் நிரப்பி, ஐஸ்பெட்டியில் கல்லாக உறைய வைத்துக் கொடுத்தனுப்பினார்.

அந்தப் பெண் என்ன செய்தாள்? காலையில் வேலைக்குப் போகும்போது டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். மாலையில் வந்து, இளகியிருந்த குழம்பில் இரண்டு கரண்டி எடுத்துச் சூடுபண்ணிச் சாப்பிட்டாள். மிச்சத்தை மீண்டும் உறைய வைத்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே மாதிரி. மூன்றாவது தடவை வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, கிளினிக்குக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு இரண்டு நாள் படுத்துவிட்டாள். என்ன சாப்பிட்டாய் என்று மருத்துவர் கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னதும், அந்தக் குழம்பாகத்தான் இருக்கும் என்றார்.

தாயார் என்னிடம் வந்து அழுதார். "ஐஸ்ல வச்சா கெடாதுன்னுதானே டீச்சர் வச்சேன். என் கையால சமைச்சதே புள்ளைக்கு வெனையாப் போச்சே" என்றார். அவர் கையில் தவறில்லை. ஐஸ்பெட்டி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

உறைகுளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. அவற்றைத் தூங்க வைக்கிறது. உணவு இளகியதும் அவை விழித்துக்கொண்டு பெருகத் தொடங்கும். 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பந்தான் அவற்றுக்குக் கொண்டாட்டமான வெப்பம். நம் நாட்டில் மேசைமேல் வைத்த குழம்பு எப்போதும் அந்த வெப்பத்திலேயே இருக்கும். அது போதாதென்று, சில கிருமிகள் பெருகும்போது உணவில் ஒரு நஞ்சைக் கக்கிவிடுகின்றன. அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. "நல்லாச் சூடு பண்ணிட்டேனே" என்று சொல்லிப் பயனில்லை.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. கோப்பையில் வடிந்த ரப்பர்ப் பாலை நேரத்தோடு எடுக்காவிட்டால் என்ன ஆகும்? உறைந்து கட்டிப்பாலாகிவிடும். கட்டிப்பாலை யாராலும் மறுபடி பாலாக்க முடியாது. செம்பனையிலும் அப்படித்தான். வெட்டிய குலை 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்களே, ஏன்? தாமதமானால் பழத்தின் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறைந்துவிடும். சமைத்த உணவும் அப்படியே. அடுப்பிலிருந்து இறக்கிய நிமிடத்திலிருந்து அதற்கு நேரம் ஓடத் தொடங்குகிறது. உறைகுளிர் அந்த ஓட்டத்தை நிறுத்தி வைக்கும். ஓடிப்போன நேரத்தைத் திருப்பித் தராது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தாமாகவே விளங்கும்.

வேகமாக உறைய வைப்பதன் அருமையை உலகுக்குக் காட்டியவர் கிளாரன்ஸ் பர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர். 1912ஆம் ஆண்டுக்குப் பிறகு சில ஆண்டுகள் அவர் இன்று கனடாவைச் சேர்ந்த லாப்ரடார் என்ற பனிப் பிரதேசத்தில் வாழ்ந்தார். அங்குள்ள பழங்குடி மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் நொடிப்பொழுதில் உறைவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புதிய மீன்போலவே இருப்பதையும் கண்டார். மெதுவாக உறைந்தால் உணவுக்குள் இருக்கும் நீர் பெரிய பெரிய பனிக்கட்டிகளாகி இறைச்சியின் நாரைக் கிழித்துவிடும். விரைவாக உறைந்தால் பனித்துகள்கள் மிகச் சிறியவையாக இருக்கும். உணவின் பதம் கெடாது. இந்த முறையில் உறைய வைத்த இறைச்சியும் காய்கறியும் 1930இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. அவர் கண்ட உண்மை நம் சமையலறைக்கும் பொருந்தும். உணவு மெல்லியதாகப் பரவியிருந்தால் விரைவில் உறையும். பெரிய டப்பாவில் குவிந்திருந்தால் வெளிப்புறம் கல்லாகிவிடும். நடுப்பகுதியோ பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும்.

இனி, செய்யும் முறைக்கு வருவோம்.

ஒரு கிலோ கோழியைப் பிரட்டலாகச் சமைத்தால் ஒருவருக்கு ஆறு வேளைக்கு வரும். 250 கிராம் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து மறுநாள் குழம்பு வைத்தால் அதுவும் ஆறு வேளைக்கு வரும். ஆகப் பன்னிரண்டு வேளை. நாளைக்கு இரண்டு வேளை என்றால் ஆறு நாள். ஒரு பால் டின் அரிசி ஏறக்குறைய 250 கிராம். அது ஒருவருக்கு மூன்று வேளைக்குப் போதும். கடையில் ஒரு வேளைக்குப் பத்து ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு இரண்டு வேளையாக மாதத்துக்கு 600 ரிங்கிட் ஆகிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடைக்கே போய்விட்டால், வாடகைக்கும் பயணத்துக்கும் வீட்டுக்கு அனுப்பவும் என்ன மிஞ்சும்?

சமைத்து முடித்ததும் சட்டியோடு ஆறவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு பெரிய பேசினில் குளிர்ந்த நீர் ஊற்றி, ஐஸ் கட்டி இருந்தால் அதையும் போட்டு, சட்டியை அதில் இறக்கிக் கிளறுங்கள். ஆவி அடங்கியதும் ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து வையுங்கள். டப்பா ஆழமில்லாமல் இருக்கட்டும். உணவு இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது. மேலே ஒரு விரல் இடம் விடுங்கள். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு விரியும். வாய்வரை நிரப்பினால் மூடி தெறிக்கும். கண்ணாடிப் புட்டியானால் வெடிக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்திற்குள் டப்பா ஐஸ்பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

சோற்றுக்கு இன்னும் அவசரம் வேண்டும். அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து, சோறு வேகும்போதும் சாவதில்லை. சோற்றைத் தட்டில் பரப்பி ஆற்றி, ஒரு மணி நேரத்திற்குள் குளிரில் வையுங்கள். உறைய வைக்காமல் கீழ்த்தட்டில் வைத்த சோற்றை மறுநாளே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். இரவெல்லாம் அடுப்படியில் கிடந்த சோற்றை உறைய வைப்பது வீண்.

ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் பண்டத்தின் பெயரையும் சமைத்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். உறைந்தபின் எல்லாக் குழம்பும் ஒரே நிறமாகத்தான் தெரியும். முன்னே வைத்ததை முன்னே எடுங்கள். பலர் சேர்ந்து ஒரே ஐஸ்பெட்டியைப் பயன்படுத்தும் அறையானால் உங்கள் பெயரையும் எழுதிவிடுங்கள், மனத்தாங்கலுக்கு இடமிருக்காது. ஒரே நாளில் பன்னிரண்டு டப்பாக்களையும் திணிக்க வேண்டாம். பெட்டிக்குள் வெப்பம் ஏறி, முன்பே உறைந்திருப்பதும் இளகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆறு, புதன்கிழமை ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று நாளுக்குள் சாப்பிடப் போகும் குழம்பைக் கீழ்த்தட்டிலேயே வைக்கலாம். உறைய வைக்க வேண்டியதில்லை.

எல்லாப் பண்டமும் உறைகுளிருக்கு ஏற்றதன்று. உருளைக்கிழங்கு மணல்போல் ஆகிவிடும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். மோர்க்குழம்பும் தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பும் திரிந்துபோகும். ஆகவே தேங்காய்ப்பாலைச் சேர்க்காமல் உறைய வைத்து, சூடுபண்ணும் நாளில் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். பருப்பு, சாம்பார், ரசம், கடலை வகைகள், கோழி, நெத்திலிச் சம்பல், இட்டிலி, சப்பாத்தி ஆகியவை நன்றாகத் தாங்கும். வெங்காயமும் தக்காளியும் மசாலையும் வதக்கிய தொக்கைச் சிறுசிறு பொட்டலமாக உறைய வைத்துக்கொண்டால், வேலைவிட்டு வந்து ஒரு துண்டு மீனைப் போட்டுப் பத்து நிமிடத்தில் குழம்பு வைத்துவிடலாம். கீரையை மட்டும் அன்றன்றைக்கு வாங்கிப் பிரட்டிக்கொள்ளுங்கள்.

ஐஸ்பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லா ஐஸ்பெட்டியும் ஒரே மாதிரி குளிர்வதில்லை. உறைபகுதியின் கதவிலோ உள்ளேயோ சிறு நட்சத்திரங்கள் அச்சிட்டிருக்கும். ஒரு நட்சத்திரம் என்றால் பூஜ்யத்திற்குக் கீழ் 6 டிகிரி; உறைந்த உணவு ஒரு வாரம் தாங்கும். இரண்டு என்றால் கீழ் 12 டிகிரி, ஒரு மாதம். மூன்று என்றால் கீழ் 18 டிகிரி. ஏறக்குறைய மூன்று மாதம். நான்கு நட்சத்திரம் உள்ளதுதான் புதிதாகச் சமைத்ததை வீட்டிலேயே உறைய வைப்பதற்கென்று செய்தது. முன்பக்கத்தில் மின்சாரச் சிக்கனத்துக்காக ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வாடகை அறைகளில் ஒற்றைக் கதவுச் சிறு பெட்டி இருக்கும். அதன் உள்ளே இருக்கும் குட்டி அறை ஐஸ் கட்டிக்குத்தான் சரி. அப்படிப்பட்ட பெட்டி வைத்திருப்பவர்கள் மூன்று நாளைக்கு மட்டும் சமைத்துக் கீழ்த்தட்டில் வைத்து உண்பதே நல்லது.

மின்சாரம் நின்றுபோனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். திறக்காமல் இருந்தால் கீழ்த்தட்டு சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். நல்ல உறைபகுதி, நிறைந்திருந்தால் இரண்டு நாள்வரையிலும், பாதி நிறைந்திருந்தால் ஒரு நாள்வரையிலும் காக்கும். சிறிய பெட்டியானால் இது குறையும்.

சாப்பிடும் நாளில் என்ன செய்வது? முதல்நாள் இரவே ஒரு டப்பாவை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். மேசைமேல் வைக்காதீர்கள். மறந்துவிட்டால் பாதகமில்லை, உறைந்தபடியே சட்டியில் போட்டுச் சிறிது நீர் விட்டு, நடுப்பகுதியும் கொதித்து ஆவி பறக்கும்வரை சூடுபண்ணுங்கள். மைக்ரோவேவ் அடுப்பானால் பாதியில் நிறுத்திக் கிளறிவிட வேண்டும். ஐஸ்கிரீம் டப்பாவை அதில் வைக்கக் கூடாது, பீங்கானுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தடவை சூடுபண்ணியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். அந்தப் பெண்ணின் தாயார் அதே குழம்பை ஆறு சிறு டப்பாக்களில் அனுப்பியிருந்தால், அந்தத் துன்பமே நேர்ந்திருக்காது.

ஊரிலிருந்து அனுப்பும் தாய்மார்களுக்கு இது. கேரித் தீவிலிருந்தோ பந்திங்கிலிருந்தோ கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து கொமுட்டர் இரயிலில் கே.எல். சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்பீல்ட்சுக்கு நடந்து வருவதற்குள் பல மணி நேரம் ஆகிவிடும். டப்பாக்களை இரண்டு நாள் முன்பே கல்லாக உறைய வைத்துவிடுங்கள். ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கி, பழைய செய்தித்தாளில் பலமுறை சுற்றி, மூடி உள்ள போலிஸ்டிரின் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். போய்ச் சேர்ந்ததும் உள்ளே பனிக்கட்டி தெரிந்தால் திரும்ப உறைபகுதியில் வைக்கலாம். முழுதாக இளகியும் நல்ல சில்லென்று இருந்தால், கீழ்த்தட்டில் வைத்து மறுநாளுக்குள் சாப்பிட்டுவிடலாம். வெதுவெதுப்பாகி எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாவிட்டால், மனம் கேளாவிட்டாலும் கொட்டிவிடத்தான் வேண்டும்.

நேயர்களே, மகளின் கதையைச் சொன்னேன். தாயாரின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

இந்த முறையைச் சொல்லிக்கொடுப்பதற்காக ஒரு நாள் மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் ஒரு சிறு சட்டியில் முதல்நாள் குழம்பு கொஞ்சம் இருந்தது. "இன்னிக்கு என்னக்கா சமைச்சீங்க?" என்று கேட்டேன். "ஒத்த ஆளுக்கு எதுக்கு டீச்சர் அடுப்பு மூட்டணும்? இருக்கறதச் சுடவச்சுச் சாப்பிட்டுக்குவேன்" என்றார். நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். நம் நாட்டில் இந்தியர்களிடையே நீரிழிவு மிக அதிகமென்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய மங்கில் நிறையச் சோறு இருந்தது, காயுமில்லை, பருப்புமில்லை. மகளுக்காகக் கோழி வாங்கத் தெரிந்தவர், தனக்கென்று ஒரு கத்தரிக்காய் வாங்கவில்லை.

எனக்கு மனம் என்னவோ செய்தது. தனியாக இருக்கும் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிறோம். தனியாக இருக்கும் தாயும் ஓர் ஆள்தானே?

அன்று அவரும் நானும் ஒரு கணக்குப் போட்டோம். இனிமேல் சமைப்பது பத்து டப்பா. மகளுக்கு ஆறு, தாயாருக்கு நான்கு. சுகாதார அமைச்சு சொல்லிவருகிறதே, தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதி அரைப் பங்கு காயும் பழமும் என்று, அந்த அளவிலேயே டப்பாவைப் பிரித்து வைத்தோம். அளந்து வைத்த டப்பாவில் இன்னும் ஒரு கரண்டி என்ற பேச்சுக்கு இடமில்லை. நீரிழிவுக்காரருக்கு அதுவும் ஒரு நன்மை.

இப்போது மகள் இரவில் டப்பாவைச் சூடுபண்ணும்போது தாயாருக்குத் தொலைபேசியில் பேசுகிறாள். "அம்மா, நான் கடலைக் குழம்பு எடுத்திருக்கேன். நீங்க எதை எடுத்தீங்க?" என்று கேட்பாளாம். பொய் சொல்ல முடியாது. எந்த டப்பா எத்தனை இருக்கிறது என்று இருவருக்குமே கணக்குத் தெரியும்.

ஆகவே தாய்மார்களே, சுருக்கமாக மீண்டும் சொல்கிறேன். விரைவாக ஆற்றுங்கள். ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரியுங்கள். இரண்டு மணி நேரத்திற்குள் குளிரில் வையுங்கள். தேதி எழுதுங்கள். ஐஸ்பெட்டிக்குள்ளேயே இளக விடுங்கள். ஒரே ஒரு தடவை நன்றாகக் கொதிக்க வைத்து உண்ணுங்கள். ஒற்றை ஆளுக்கு எதற்கு அடுப்பு என்ற பேச்சை மட்டும் இனி நம் வீடுகளில் பேச வேண்டாம். அடுத்த முறை பிள்ளைக்கு டப்பா கட்டும்போது, உங்களுக்கும் ஒன்று எடுத்து வையுங்கள்.